அக்கிக்கு அசைக்ளோவிர்: மூன்றாம் நாளே நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். கொப்புளம் காய ஆரம்பித்துவிட்டது, மாத்திரை போட்டால் குமட்டுகிறது, அதனால் இதை விட்டுவிட்டு வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து, அக்கி வைரஸை அது ஒன்றும் செய்யாது.

அசைக்ளோவிரும் வைரஸை நேராகக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். வைரஸ் புகுந்த செல்லுக்குள் வைரஸின் சொந்த நொதியே இந்த மருந்தை முடுக்கிவிடுகிறது (தனக்குத் தானே குழி தோண்டுகிற கதை), அப்புறம் அது வைரஸ் நகலெடுக்கும் டிஎன்ஏ இழையில் போய் ஒட்டிக்கொண்டு இழை மேற்கொண்டு வளராமல் அடைத்துவிடுகிறது. நல்ல செல்களில் அந்த நொதி இல்லாததால் அவற்றுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் மருந்து ரத்தத்தில் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும், அதனால்தான் 800 மில்லிகிராம் வீதம் நாளைக்கு 5 வேளை தருகிறார்கள். வைரஸைக் கொல்லாமல் பெருகவிடாமல் மட்டும் தடுப்பதால், குறைந்தது 7 நாள் தொடரச் சொல்கிறார்கள்.

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு எல்லாம் சகஜம். சாப்பிட்டபின் போட்டுப் பாருங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, தண்ணீர் போதாவிட்டால் அங்கே படிகமாகத் தங்கக்கூடும். சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே உண்டா? இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, மனக்குழப்பம் வந்தாலோ உடனே போங்கள். கண்ணருகே கொப்புளம் இருந்தால் இன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.