சசி: நிலவா, இந்திராணியா?

கேள்வி: மகள் பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. 'சசி' என்று வைக்கச் சொல்கிறார் மாமனார். பக்கத்து வீட்டு இந்திக்காரர்கள், "அது ஆம்பளைப் பேராச்சே" என்கிறார்கள். என் அம்மாவோ அது இந்திராணியின் பெயர் என்கிறார். எது சரி?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: இவை இரண்டு தனித்தனிப் பெயர்கள். தமிழில் எழுதும்போதுதான் ஒன்றாகிவிடுகின்றன.

முதலாவது 'ஶஶி'. ஶஶம் என்றால் முயல். முயலை உடையவன் நிலவு. நம் பாட்டி வடை சுடுகிற அதே கறைதான் வடக்கே முயல். பசியோடு வந்தவருக்குக் கொடுக்க ஏதுமில்லாமல் ஒரு முயல் தானே தீயில் குதிக்கிறது, தீ சுடவில்லை. வந்தவன் இந்திரன். மலையைப் பிழிந்த சாற்றால் முயலின் உருவத்தை நிலவில் தீட்டினான் என்கிறது புத்த ஜாதகக் கதை. சமஸ்கிருதத்தில் இது ஆண்பால் சொல். ஆனால் வழக்கில் இருபாலருக்கும் உண்டு: டெல்லியில் சசி பூஷண்களும் இருக்கிறார்கள், சசி பாலாக்களும் இருக்கிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டார் சொல்வது பாதிதான் சரி.

இரண்டாவது 'ஶசீ'. நடுவில் 'பச்சை'யில் ஒலிக்கும் ச, கடைசியில் நெடில். இது பெண்களுக்கு மட்டுமே. புலோமன் என்ற அசுரனின் மகள், இந்திரனின் மனைவி, ஜயந்தனின் தாய். வேதத்தில் இச்சொல்லுக்கு ஆற்றல் என்றும் பொருள். இந்திர பதவிக்கு வந்த நகுஷன் அவளை அடைய நினைத்தபோது, முனிவர்கள் சுமக்கும் பல்லக்கில் வரச் சொன்னாள். அவன் அகத்தியரை உதைத்துப் பாம்பானான். ரிக் வேதம் 10.159 அவள் பாடியதாகவே மரபு; சக்களத்திகளை வென்றேன் என்று முழங்கும் பாட்டு. சாதுவான பெயர் என்று நினைத்து வைக்க வேண்டாம்!

மாமனார் நினைப்பது எது என்று முதலில் கேளுங்கள். நிலவு என்றால் சசிரேகா அல்லது சசிகலா என்று பதிந்து, வீட்டில் சசி என்று கூப்பிடலாம். பெண் பெயர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இந்திராணி என்றால் ஆங்கிலத்தில் எஸ்-எச்-ஏ-சி-எச்-ஐ. முதல் எச்-ஐ விட்டால் இந்திக்காரர் 'சச்சி' என்று படிப்பார். எஸ்-ஏ-எஸ்-ஐ என்று எழுதினால் 'சாசி' ஆகவும் வாய்ப்புண்டு. இந்தியில் எப்படி எழுத வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

பிறப்பைப் பதியத்தான் 21 நாள் கெடு. பெயரைப் பதிவு நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறந்த தேதிக்கான சான்று இந்தப் பதிவில் கிடைக்கும் பிறப்புச் சான்றிதழ்தான். அவசரத்தில் தப்பும் தவறுமாக எழுதிக் கொடுப்பதைவிட, பெயர்க் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுவது மேல்.