விளம்பரத்தில் ஒன்று, விளையாட்டில் வேறு

கேள்வி: கைபேசியில் அடிக்கடி ஒரு விளம்பரம் வருகிறது. தீயில் சிக்கிய மனிதரைக் காப்பாற்ற, ஆணிகளைச் சரியான வரிசையில் உருவ வேண்டும். நான் பதிவிறக்கிய விளையாட்டிலோ ஒரே நிறக் காய்களை மூன்று மூன்றாகச் சேர்ப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. இதைக் கேட்பார் இல்லையா?

பதில்: கேட்டிருக்கிறார்கள். 'ஹோம்ஸ்கேப்ஸ்', 'கார்டன்ஸ்கேப்ஸ்' ஆகிய விளையாட்டுகளுக்கு இத்தகைய ஆணிப் புதிரைக் காட்டி வெளியான விளம்பரங்களை, பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2020இல் தடை செய்தது. அந்தப் புதிர்களும் விளையாட்டுக்குள் இருக்கின்றன என்று தயாரிப்பு நிறுவனம் வாதிட்டது. ஆனால் விளையாட்டின் பெரும்பகுதி அதுவல்ல என்பதால், விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று ஆணையம் முடிவு செய்தது. எல்லாக் காட்சிகளும் உண்மையான ஆட்டத்தைக் குறிப்பவை அல்ல என்று விளம்பரத்தில் இருந்த ஒரு வரியையும் அது போதுமானதாக ஏற்கவில்லை. ஆயினும் அபராதம் விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு இல்லை. ஒரு விளம்பரத்தை நிறுத்தினால் அதன் சாயலில் இன்னொன்றைத் தயாரிக்கப் பெரிய செலவும் ஆவதில்லை.

நிறுவனங்கள் பல சிறு விளம்பரக் காணொளிகளைத் தயாரித்து, ஒவ்வொன்றையும் சிறு தொகைக்கு ஓடவிட்டு, ஒரு பதிவிறக்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிடுகின்றன. எது மலிவாக ஆட்களைக் கொண்டுவருகிறதோ அதற்கே மீதிப் பணம் செல்கிறது. அந்தக் காட்சி விளையாட்டில் உண்டா என்பது இந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட இடம்பெறுவதில்லை. விளம்பரத்தில் ஆடுபவர் வேண்டுமென்றே அசட்டுத்தனமாகத் தோற்பதும் இதனால்தான்: நானாக இருந்தால் ஜெயித்திருப்பேனே என்ற எரிச்சல், விரலைப் பதிவிறக்கப் பொத்தானுக்குக் கொண்டு சேர்த்துவிடுகிறது.

அப்படியானால் அந்த ஆணிப் புதிரையே முழு விளையாட்டாகத் தரக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அத்தகைய புதிரைப் பார்ப்பது சுவையானது, விற்பது கடினம். விடை தெரிந்ததும் அது தீர்ந்துபோகிறது. காய் சேர்க்கும் ஆட்டத்திலோ ஆயிரக்கணக்கான நிலைகளைத் தொடர்ந்து சேர்க்கலாம், நகர்வுகளைக் குறைத்துக் கடினமாக்கலாம், இரண்டு நகர்வு மீதமிருந்தால் வென்றிருப்போம் என்ற இடத்தில் ஆட்டக்காரரை நிறுத்தி, கூடுதல் நகர்வுகளைக் காசுக்கு நீட்டலாம்.

கேள்வி: இலவச விளையாட்டுகளில் ஒரு நிலை முடிந்ததும் விளம்பரம், அடுத்தது தொடங்கும்போதும் விளம்பரம். தரம் ஏன் இவ்வளவு மோசம்?

பதில்: ஆடுவோரில் பணம் செலுத்துவோர் மிகச் சிலரே. மற்றவர்களிடமிருந்து கிடைப்பது அவர்கள் விளம்பரம் பார்க்கும் நேரம் மட்டும்தான். பெரும்பாலோர் சில நாள்களிலேயே விளையாட்டை நீக்கிவிடுவார்கள் என்பது தயாரிப்பாளருக்கும் தெரியும். ஆகவே அதற்குள் இயன்றவரை விளம்பரங்களைக் காட்டிவிடுகிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நன்கு திட்டமிட்ட வேலை இது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கூகுள் பிளே 2022இல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, ஒரு நிலையின் தொடக்கத்தில் எதிர்பாராமல் முழுத்திரை விளம்பரம் குறுக்கிடக் கூடாது. மற்ற நேரங்களில் குறுக்கிடும் முழுத்திரை விளம்பரத்தையும் 15 விநாடிகளுக்குப் பிறகு மூட முடியவேண்டும். பரிசுக்காக நாமே விரும்பிப் பார்க்கும் விளம்பரங்களுக்கு இது பொருந்தாது. உங்கள் விளையாட்டு இதை மீறுவதாகத் தோன்றினால், அதன் பக்கத்திலேயே புகார் செய்யலாம்.

கேள்வி: ஏமாறாமல் இருக்க, பதிவிறக்கும் முன் எதைப் பார்ப்பது?

பதில்: ஸ்டோரில் உள்ள படங்களை நம்பாதீர்கள், அவையும் விளம்பரம்தான். மதிப்புரைகளைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, இரண்டு மூன்று நட்சத்திரம் தந்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்தும் ஒன்றும் பெரும்பாலும் உணர்ச்சிவசப்பட்டவை. விளையாட்டின் பெயரைத் தேடி, யாரேனும் வெட்டாமல் பதிவுசெய்த காணொளி இருந்தால் பத்து நிமிடம் பாருங்கள். விளம்பரங்கள் உண்டு, செயலிக்குள் வாங்கும் வசதி உண்டு என்ற சிறு எழுத்துகளையும் கவனியுங்கள். ஆத்திரத்தில் எதையாவது வாங்கிவிட்டால், 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதன் பிறகு விளையாட்டைத் தயாரித்தவரிடம்தான் முறையிட வேண்டியிருக்கும்.