காரைக்குடிப் பக்கம் மரக்கட்டை அடுக்கி நாமே வீடு கட்ட முடியுமா?

காரைக்குடி பக்கத்தில் பூர்வீக நிலம் இருக்கிறது, கனடாவில் இருக்கிற மாதிரி உருளைக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்ட ஆசை, குடும்பமாகச் சேர்ந்து நாமே கட்டினால் செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கிறுக்கு எங்கள் வீட்டுக்காரருக்கும் இருந்தது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டலாம். ஆனால் படத்தில் பார்த்த வீடு வராது, வேறு ஒன்று வரும். அது மோசமும் இல்லை.

எங்கள் நிலம் பள்ளத்தூரில் இருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே, 50 சென்ட், சரளை மண். அவர் மூன்று வருடம் கனடாவில் வேலை பார்த்தவர். அங்கே பைன், சிடார் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக, நீளமாக, ரெண்டு பேர் தூக்குகிற கனத்தில் கிடைக்கிறது. அதை மூலையில் வெட்டிக் கோத்து அடுக்கினால் சுவர். குளிர் ஊருக்கு அந்தத் தடிமன் வேண்டும். நமக்கு அதைவிட நிழலும் காற்றும்தான் முக்கியம். இதை நான் சொன்னபோது அவர் கேட்கவில்லை, பங்குனி வெயில் சொன்னபோது கேட்டுக்கொண்டார்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 20க்கு 15 அடியில் ஒரே ஒரு அறை, சுற்றளவு 70 அடி. 8 அங்குலக் கட்டை என்றால் 9 அடி உயரத்துக்கு 14 வரிசை, ஆக 980 அடி நீளக் கட்டை. கன அடியில் ஏறத்தாழ 340. கதவு ஜன்னல் கழித்து 300 என்று வையுங்கள். தேக்கு கன அடி 3000 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் சுவருக்கு மட்டும் ஒன்பது லட்சம், இன்னும் கூரையே வரவில்லை.

சரி, தேக்கு வேண்டாம், சொந்தத்தில் நிற்கிற தைல மரத்தை வெட்டுவோம் என்றார். என் அப்பா ஆசாரி. கானாடுகாத்தான், ராயவரம் பக்கத்துப் பெரிய வீடுகளில் நிலை, கதவு பழுது பார்த்தே எங்களைப் படிக்க வைத்தவர். "மாப்ளே, அது முறுக்கு மரம், வெடிக்கும்"னு ஒரு தடவை சொன்னார், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது என்று ஒரு மரியாதை. 36 கட்டை வெட்டி, பட்டை உரித்து, வேப்ப மரத்தடியில் அடுக்கினோம். மூன்றாம் நாள் ராத்திரி வெளியே பட் பட் என்று சத்தம், யாரோ சீனி வெடி போடுகிறார்கள் என்று நினைத்து டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். கட்டையின் முனையெல்லாம் நட்சத்திரம் மாதிரி பிளந்து கிடந்தது, ஒன்றில் என் மகளின் சுண்டு விரல் உள்ளே போனது. தைல மரத்துக்குள்ளேயே ஒரு இறுக்கம் உண்டு, வெட்டினதும் அது விடுபடும், அதோடு வெயில் காற்றில் முனை சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அந்தக் கட்டைகள் இப்போது மாட்டுக் கொட்டகையில் கால் நட்டு நிற்கின்றன.

அன்றைக்குத்தான் அப்பா திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். மரம் காயும்போது நீளத்தில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது, பருமனில்தான் சுருங்கும். படுக்க வைத்து அடுக்கினால் ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பச்சைக்கட்டையில் 9 அடிச் சுவர் முதல் சில வருடங்களில் 3, 4 அங்குலம்கூட இறங்கிவிடும். மேலை நாட்டில் இது தெரிந்துதான் கதவு நிலைக்கு மேல் இடைவெளி விட்டுக் கட்டுகிறார்கள், தூணுக்கு அடியில் திருகு வைத்து வருடா வருடம் இறக்குகிறார்கள். இங்கே அது தெரியாமல் நிலையை இறுக்கி வைத்தால் சுவர் இறங்கி நிலைமேல் உட்காரும், கதவு திறக்காது. நம் ஊர் வீட்டில் தூண் நிற்கிறது. நிற்கிற மரம் உயரத்தில் குறையாது, அதனால்தான் நூறு வருடமானாலும் தாழ்வாரம் சாயாமல் இருக்கிறது.

அதனால் வீட்டின் உருவமே மாறிவிட்டது. 12 தூண், மேலே உத்திரம், ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரம், ஓடு. சுவர் இடுப்பளவுக்குச் செம்புராங்கல், சுண்ணாம்புச் சாந்து. அதற்கு மேல் வேப்பம்பலகை. இறவாரம் மூன்றரை அடி வெளியே நீட்டினோம், மழையும் வெயிலும் பலகையைத் தொடக்கூடாது என்று. மொத்தம் 640 சதுர அடி.

தூணுக்கும் உத்திரத்துக்கும் பழைய தேக்கு வந்த கதைதான் எனக்கு இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும். பர்மாவுக்குப் போய்த் தொழில் செய்த செட்டியார்கள் கப்பலில் கொண்டு வந்து இழைத்த மரம், பங்காளிகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்க, வீடு இடிபட்டு, காரைக்குடியில் லாரியில் இருந்து தூண் தூணாக இறங்குகிறது. வாங்கினால் அந்த இடிப்புக்கு நானும் துணை போகிற மாதிரி, வாங்காவிட்டால் வேறு ஊர் ஓட்டலுக்குப் போகும். வாங்கினோம். கன அடிக் கணக்கில்தான் கொடுத்தார்கள், வேலைப்பாடு இருந்தால் தனி விலை, ஆணி ஓட்டை நிறைய இருந்தால் பேரம் பேசலாம்.

பழைய தேக்கு வாங்கினால் முதலில் ஆணி எடுக்க வேண்டும். அப்பா ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்து அதன் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, தூணோடு ஒட்டித் தொங்கவிட்டு மெதுவாக நடத்துவார்; காந்தம் ஓரிடத்தில் நின்று ஒட்டிக்கொண்டால் அங்கே சாக்பீஸ் வட்டம். அந்த வேலை என் பையனுக்கு. இரும்பு பட்ட இடமெல்லாம் தேக்கு மை கொட்டின மாதிரி கறுத்திருக்கும். ஆணி எடுத்து இழைப்புளி போட்டால் சாம்பல் நிறத் தோல் சுருள் சுருளாக விழுந்து, உள்ளே தேன் நிறம், அதோடு அந்த எண்ணெய் வாசனை. ஒரு தூணின் கழுந்தில், அதாவது உத்திரத்துத் துளைக்குள் நுழைகிற முனையில், உளியால் மூன்று கோடு இருந்தது. உத்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு துளையின் ஓரத்திலும் மூன்று கோடு, எது எதில் சேர வேண்டும் என்று யாரோ ஓர் ஆசாரி போட்டு வைத்தது. அப்பா அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, அதே துளையில் அதே கழுந்தைக் கொட்டாப்புளியால் தட்டி ஏற்றினார். தட்ட வேண்டிய அவசியமே பெரிதாக இல்லை.

வீட்டுக்காரர் முகம் வாடக்கூடாது என்று கிழக்குச் சுவரை மட்டும் கனடா மாதிரியே கட்டினோம், பழைய உத்திரங்களைப் படுக்க வைத்து, மூலையில் வெட்டிக் கோத்து. எண்பது வருடம் காய்ந்த மரம் என்பதால் இனி சுருங்க ஒன்றும் இல்லை. கட்டி மூன்று வருடம் ஆகிறது, ஜன்னலுக்கு மேல் விட்ட ஒரு அங்குல இடைவெளி அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சுவர் முன்னால்தான் போட்டோ எடுக்கிறார்கள்.

கரையானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், நம் பக்கம் மர வீட்டுக்கு எமன் அதுதான். தரை போடுவதற்கு முன்பே மண்ணுக்கு மருந்து அடித்தோம். அப்புறம் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒன்றரை அடி கருங்கல். கல் கரையானைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், தடுக்காது, அது மண்ணால் குழாய் கட்டிக் கல்மேலேயே ஏறும். ஆனால் ஏறினால் கண்ணில் படும், அதற்குத்தான் கல். மாதம் ஒரு தடவை பிள்ளைகள் குனிந்து பார்க்க வேண்டும், இதுவரை இரண்டு முறை பிடித்தோம். தூணை மண்ணில் புதைத்தாலோ, சிமெண்டில் இறுக்கினாலோ உள்ளே தின்று முடித்த பிறகுதான் தெரியும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடிமேல் சாயம் ஊற்றி வார்ப்பதால் வருகிற பளபளப்பு அது, சூளையில் சுடுவது கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துதான் இறுகுகிறது. பதிக்க மட்டும் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள், நாங்களே பதித்த அடுப்படியில் இன்னும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

செலவு: 17 லட்சம் ஆனது, அதில் மரம் மட்டும் எட்டு. சனி ஞாயிறும் லீவு நாளுமாக 14 மாதம். குறைந்ததா என்றால் ஆசாரிக் கூலி குறைந்தது, அதுவும் அப்பா இருந்ததால். கொத்து வேலை, ஓடு வேய்வது, கரண்ட் எல்லாவற்றுக்கும் ஆள் வைத்தோம். குடும்பத்தில் உளி பிடித்த கை இல்லையென்றால் 'நாமே கட்டுவது' என்பது பெரும்பாலும் இழைப்பது, எண்ணெய் பூசுவது, டீ போடுவது என்ற அளவில்தான் இருக்கும். நாங்கள் போன வங்கியில் மரச்சுவர் என்றதும் கடன் இல்லை என்றுவிட்டார்கள், நகையை வைத்தோம். பனை மரம் இருந்தால் கைமரத்துக்கு ஆசைப்பட்டு உடனே வெட்டிவிடாதீர்கள், கலெக்டர் அனுமதி வேண்டும். தேக்குக்கு வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசிக்கு முன்னால் ஓடு ஏறிவிட வேண்டும். நாங்கள் பத்து நாள் தாமதித்து, இழைத்த பலகையெல்லாம் தார்ப்பாய்க்குள் பூசணம் பூத்து மறுபடி இழைத்தோம்.

உங்கள் நிலம் எந்த ஊர்ப் பக்கம், மண் சரளையா களியா, புற்று இருக்கிறதா என்று கீழே எழுதுங்கள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.