வாசகர் கேள்வி பதில்: ரோடின் அச்சு எடுத்தாரா?

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர்): சார், ரோடின்னு பிரெஞ்சு சிற்பி, உயிரோட இருக்கற ஆள் உடம்பு மேலயே அச்சு எடுத்து சிலை பண்ணிட்டாருன்னு சொல்றாங்களே, நிஜமா?

பதில்: சத்தியமா இல்லைங்க. அது 1877-ல அவர் மேல விழுந்த பழி. 'வெண்கல யுகம்'னு ஒரு சிலை, ஒரு பெல்ஜியம் சோல்ஜரை நிக்க வெச்சு ஒன்றரை வருஷம் பார்த்துப் பார்த்து களிமண்ணுல பண்ணது. வலது கை தலை மேல, இடது கையில முதல்ல ஈட்டி இருந்துச்சு, அதையும் எடுத்துட்டார், ஆள் உயரம், தசையெல்லாம் அவ்ளோ தத்ரூபம், அதனாலயே இது அச்சு தான்னு கிளப்பிவிட்டாங்க. மனுஷன் நொந்துபோய் அந்த சோல்ஜரோட போட்டோவெல்லாம் எடுத்து அனுப்பினார், கடைசில 1880-ல பிரெஞ்சு அரசாங்கமே சிலையை வாங்குச்சு. அடுத்து பண்ண ஸ்நாபக யோவானை வேணும்னே ஆள் அளவைவிட பெருசா பண்ணார், இப்ப சொல்லுங்கடான்னு!

எனக்கு அதைவிட பிடிச்சது 'மூக்கு உடைஞ்ச மனிதன்'. அரசு கலைக்கல்லூரி என்ட்ரன்ஸ்ல மூணு தடவை ஃபெயிலாகி, கூலிக்கு கட்டட அலங்கார வேலை பார்த்துட்டிருந்த காலத்துல, ஏரியால சில்லறை வேலை செய்யற பீபிங்கற ஆளை உட்கார வெச்சு பண்ணார். ஹீட்டர் இல்லாத ரூம், குளிர்ல களிமண் உறைஞ்சு பின்மண்டை உடைஞ்சு விழுந்துடுச்சு, மிஞ்சின முகத்தை அப்படியே கண்காட்சிக்கு அனுப்பினார், ரிஜெக்ட். 1875-ல பளிங்குல வந்தப்ப தான் ஏத்துக்கிட்டாங்க. நம்ம ராயபுரம் பக்கம் பழைய பாக்சர் தாத்தாங்களைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அந்த மூக்கோட அழகு சொல்லாமலே புரியும்.

கேள்வி (வியாசர்பாடி வாசகி): நம்ம நடராஜரைப் பத்தி ரோடின் எழுதியிருக்காராமே?

பதில்: ஆமாம்மா, அவர் இந்தியாவுக்கே வந்ததில்ல, மெட்ராஸ் மியூசியம் நடராஜர் போட்டோவை வெச்சே 1913-ல எழுதினார், உதடு, கண்ணு, காலுன்னு ஒவ்வொண்ணா நிதானமா ரசிச்சு. 1917-ல செத்துட்டார், கட்டுரை அச்சுல வந்தது 1921-ல தான். அதுல முக்கியமானவர் திருவாலங்காட்டு நடராஜர், நீங்க ஜீவா ஸ்டேஷன்ல அரக்கோணம் ட்ரெயின் ஏறினா வழியில வர்ற அதே திருவாலங்காடு தான். சிலை இருக்கறது எழும்பூர் மியூசியத்துல. வெள்ளிக்கிழமை லீவு, மத்த நாள்ல போங்க, நேரா மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க, பக்கவாட்டுல நின்னு அந்த தூக்கின காலைப் பாருங்க.