வீடும் வாசலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, எங்கள் பாட்டனார் வாங்கிய இரண்டு மாடி வரிசை வீட்டில், கீழ்த்தளச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிக் காரை உதிர்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் சிமெண்டு பூசினோம். அதுவும் பெயர்ந்து, இப்போது உள்ளிருக்கும் செங்கல்லே மாவாகக் கொட்டுகிறது. இன்னும் கனமாகச் சிமெண்டு பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
(ரங்கூன், 29-ஆம் தெரு வாசகர்)

பதில்: வேண்டாம். மேஸ்திரி சொன்னபடி செய்தால், இடுப்பளவில் நிற்கும் ஓதம் டைல்ஸைத் தாண்டி மார்பளவுக்கு ஏறிவிடும். 1852-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்த பிறகு, ஆற்றோரச் சதுப்பை மண்ணிட்டு மேடாக்கித்தான் ரங்கூனின் நடுப்பகுதியைக் கட்டம் கட்டமாக எழுப்பினார்கள். அந்தத் தெருக்களுக்குத் திட்டம் வகுத்தவர்களில் ஒருவரான லெப்டினன்ட் பிரேசரின் பெயரைத்தான் அனவ்ரட்டா சாலைக்கு நம் பெரியவர்கள் இன்றும் வழங்கி வருகிறார்கள். அப்படிப்பட்ட நிலத்தில் அடியீரம் ஒருநாளும் வற்றாது. பழைய கொத்தர்கள் கட்டியதும் பூசியதும் சுண்ணாம்பில். செங்கல் உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்புக் காரையின் வழியே மெல்ல வெளியேறிக் காற்றோடு போய்விடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் மேலே ஏறுவதோடு, அதில் கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து பருத்து, மென்மையான பழைய செங்கல்லின் முகத்தைப் பொரித்துத் தள்ளுகிறது. நீங்கள் காணும் மாவு அதுதான்.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன். தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவருக்குச் சிமெண்டு பூசி, எமல்ஷனும் அடித்து, கண்ணாடிபோல் இருக்கிறதென்று பெருமைப்பட்டேன். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளம் எழுந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறியபோது, வெண்பஞ்சுபோன்ற உப்பு விரலில் ஒட்டிக்கொண்டது.

முதலில் சுவரைப் பூசுவதை விட்டுவிட்டு, நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தகரத்திலிருந்து இறங்கும் மழைநீர்க்குழாய் உடைந்திருக்கலாம், பின்சந்துச் சாக்கடை அடைத்திருக்கலாம், தெருவை மேன்மேலும் உயர்த்தியதால் வாசற்படி பள்ளமாகியிருக்கலாம். அவற்றைச் சரிசெய்த பின், சிமெண்டைச் சிற்றுளியால் கொத்தி எடுத்துவிட்டு, சில மாதங்கள் செங்கல்லை வெறுமையாக விட்டு உலரவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மீண்டும் செங்கல்லுக்குள்ளேயே போய்விடும்.

பூசும் வேலையை மழை நின்ற பின், நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீற்றிப் பல வாரம் ஊறவிட்டுச் சலித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. ஈரம் மிகுந்த இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சுர்க்கி, அதாவது நன்கு சலித்த செங்கல்பொடி, சேர்க்கலாம். சுவரை நனைத்துவிட்டு, விரல் கனத்துக்கு மிகாமல், ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு கல்லாகிறது. வெயில் பட்டு அவசரமாகக் காய்ந்தால் வெறும் பொடியாகிவிடும் என்பதால், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டின் தேக்குச் சன்னல் கதவுகள் பழுதாகிவிட்டன. அவற்றை எடுத்துவிட்டு அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு, தாழ்வாகப் பொய்க்கூரை அடித்து, ஏசி வைக்கலாம் என்று பிள்ளைகள் விரும்புகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
(மொகல் தெரு வாசகி)

பதில்: அம்மா, செட்டிநாட்டு மாளிகைகளுக்குக் கப்பலேறிப் போன அதே பர்மா தேக்கு உங்கள் சன்னலில் இருக்கிறது. அதைக் கழற்றிப் பழைய மரக்கடையில் போட்டால், கடைக்காரர்தான் மகிழ்வார். பெரும்பாலான பழைய சன்னல்களில் கெட்டிருப்பது அடிச்சட்டம் மட்டுமே, ஏனெனில் மழைநீர் வழிந்து நிற்பது அங்கேதான். பேனாக்கத்தியின் நுனியைச் சட்டத்தில் அழுத்திப் பாருங்கள். பொதுக்கென்று இறங்குவது நிற்கும் இடத்தோடு கெட்ட மரம் முடிகிறது. அதுவரை வெட்டி எடுத்துவிட்டு, பழந்தேக்குத் துண்டைச் சாய்வெட்டில் பொருத்தி, மர ஆணி அறைந்து இணைத்துவிடத் தெரிந்த தச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே உலரச் சுரண்டவோ, தீவிளக்கால் சுடவோ வேண்டாம். நனைத்துச் சுரண்டி, பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

பொய்க்கூரையைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். உயர்ந்த கூரையும், கதவுக்கு மேலுள்ள மரச்சல்லடையும், சாய்சட்டங்கள் வைத்த சன்னலும் சேர்ந்துதான் சூடான காற்றை மேலேற்றி வெளியேற்றுகின்றன. மின்சாரம் மணிக்கணக்கில் நின்றுபோகும் நம் ஊரில், அடைத்த கண்ணாடிக்கும் தாழ்ந்த கூரைக்கும் நடுவே ஏப்ரல் மாதப் பிற்பகலைக் கழித்துப் பார்த்தால் பிள்ளைகளே மனம் மாறிவிடுவார்கள். ஏசி வேண்டுமென்றால் ஒரு படுக்கையறைக்கு மட்டும் வையுங்கள். அந்த அறையின் சல்லடைக்குப் பின்னால், வேண்டும்போது கழற்றி மாட்டும்படி ஒரு பலகை செய்துகொள்ளலாம். வெளிப்பெட்டியை முகப்பில் தொங்கவிடாமல் பின்சந்துப் பக்கம் பொருத்துங்கள்.

கேள்வி: பூவேலைத் தரை ஓடுகளின் கறை போக ஆசிட் ஊற்றலாமா?
(அதே வாசகி)

பதில்: ஊற்றினால் கறையோடு பூவும் போகும். மென்மையான சோப்பும் தேங்காய் நாரும் போதும். உடைந்த ஓட்டுக்கு மாற்று, பீரோவின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

கேள்வி: 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பின் செங்கல் வீட்டில் இருக்கவே அச்சமாக உள்ளது. ஒப்பந்தக்காரர் ஒருவர் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருவதாகவும், இல்லையேல் நடுச்சுவரை மட்டும் எடுத்துக் கூடத்தைப் பெரிதாக்கித் தருவதாகவும் சொல்கிறார். எது நல்லது?
(போத்தடாங் வாசகர்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. நடுச்சுவரை எடுப்பதுதான் இவ்விரண்டிலும் ஆபத்தான யோசனை. மேல்தளத்தின் தேக்கு உத்திரங்கள் பல வீடுகளில் அந்தச் சுவரின் மேல்தான் அமர்ந்திருக்கும். அதை எடுத்தால் மேல்தளம் தொய்வதோடு, பக்கச் சுவர்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல் போகும். பக்கச் சுவர் அடுத்த வீட்டுக்கும் பொதுவாக இருந்தால், உங்கள் ஆசைக்கு அவரும் விலை கொடுக்க நேரும். 1930 மே மாதம் பெகுவை நாசமாக்கிய நிலநடுக்கம் ரங்கூனையும் உலுக்கியது. நிலநடுக்கங்களை எழுப்பும் சகாயிங் நிலப்பிளவு நமக்குத் தொலைவில் இல்லை.

இடிப்பதா என்பது குடும்பத்தார் கூடி முடிவு செய்ய வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன். நகர வளர்ச்சிக் குழுவின் பாரம்பரியப் பட்டியலில் உள்ள 189 கட்டடங்களும் பெரும்பாலும் அரசு, சமயக் கட்டடங்களே என்பதால், நம் வரிசை வீடுகளைக் காக்க அந்தப் பட்டியலை நம்பிப் பயனில்லை. வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து, தள உத்திரங்களைச் சுவரோடு இரும்புப் பட்டைகளால் பிணைப்பது பற்றிக் கேளுங்கள். நிலம் அசையும்போது சுவர் வெளிப்பக்கம் சாயாமல் தளமே இழுத்துப் பிடிக்கும். பட்டை அடிக்கும் முன், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையைத் தட்டிப் பாருங்கள். ஈரச் சுவரில் புதைந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும், உளுத்த மரத்தில் எந்த ஆணியும் பிடிக்காது. முகப்பு விளிம்பில் முளைத்திருக்கும் அரசங்கன்றையும் விட்டுவைக்காதீர்கள். அதை வெட்டப் பௌத்த அண்டை வீட்டார் தயங்குவார்கள். இப்போதே வேரோடு எடுத்து, மண்ணில் நட்டுவிடுவதாகச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.