ஊரைவிட்டுத் தள்ளிக் கிடந்த துண்டு

அன்புள்ள ஐயா,

லண்டனின் பழைய வரைபடம் ஒன்றில் மஸ்வெல் ஹில் பக்கம் ஒரு சிறு துண்டைக் காட்டி ‘கிளெர்க்கன்வெல்’ என்று எழுதியிருக்கிறது. கிளெர்க்கன்வெல்லோ அங்கிருந்து பல கிலோமீட்டர் தெற்கே, நகரத்தை ஒட்டி இருக்கிறது. நடுவில் வேறு பாரிஷ்கள் (ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதிகள்). இது வரைந்தவரின் தவறா?

க.,
திருச்சி

அன்புள்ள க.,

வரைந்தவர் மேல் தப்பில்லை. 1900 வரை அந்தத் துண்டு கிளெர்க்கன்வெல் பாரிஷைச் சேர்ந்ததுதான். 12ஆம் நூற்றாண்டில் லண்டன் பிஷப் கிளெர்க்கன்வெல் கன்னியர் மடத்துக்கு மஸ்வெல்லில் சுமார் 64 ஏக்கர் கொடுத்தார். கன்னியர்கள் அங்கே பால்பண்ணை வைத்தார்கள். ஓர் ஊற்றும் மாதா சிற்றாலயமும் இருந்தன. நோய் தீரும் என்று நம்பி யாத்திரிகர்கள் வந்தார்கள். 1530களில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது, நிலம் கைமாறியது. பாரிஷ் எல்லை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பாரிஷ் என்றால் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்துப் போட்ட வட்டம் என்று நினைப்பதால்தான் இது விசித்திரமாகத் தெரிகிறது. உண்மையில் அது எந்த நிலத்தின் தசமபாகம் எந்தத் தேவாலயத்துக்கு என்ற கணக்கு. தானியம், ஆட்டுக்குட்டி, கம்பளி எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று. 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை பிரபுக்கள் தங்கள் நிலத்தில் தேவாலயம் கட்டினார்கள். அவர்களுடைய நிலம் எங்கெல்லாம் இருந்ததோ, பெரும்பாலும் அங்கெல்லாம் பாரிஷும் போயிற்று.

சரி, நிலம் ஏன் சிதறிக் கிடந்தது? வயல் மட்டும் இருந்தால் அந்தக் காலத்தில் பிழைக்க முடியாது. விறகுக்கும் மரத்துக்கும் காடு வேண்டும், மேய்ச்சலுக்கு இடம் வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தில் கென்ட்டின் வடக்கு ஊர்க்காரர்கள் இலையுதிர்காலத்தில் பன்றிகளை வீல்ட் காட்டுக்கு ஓட்டிப்போவார்கள், ஓக் மரத்துக் கொட்டைகளைத் தின்று கொழுக்கட்டும் என்று. கென்ட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கும் தானெட் ஆட்கள் அப்படி ஓட்டிவந்த இடம்தான் பிறகு டென்டர்டன் என்ற ஊரானது. எஸ்ஸெக்ஸில் கான்வி தீவு இன்னும் வேடிக்கை. உவர்ச் சதுப்பில் ஆடு மேய்க்க வசதியான அந்தச் சிறு தீவை எதிர்க்கரையிலும் உள்ளேயும் இருந்த ஒன்பது பாரிஷ்கள் பங்கு போட்டிருந்தன. 1880 வாக்கில்தான் அது தனி பாரிஷ் ஆனது.

ஆனால் எல்லாவற்றையும் பன்றியாலும் ஆட்டாலும் விளக்கிவிட முடியாது. மஸ்வெல் போல தானமாக வந்தவையும் உண்டு, பல ஊர்கள் பொதுவாக மேய்த்த நிலத்தைப் பிற்காலத்தில் பிரித்ததால் வந்தவையும் உண்டு.

எனக்கு இதைவிட ருசியான கேள்வி, இவை ஏன் இத்தனை காலம் நீடித்தன என்பது. கிட்டத்தட்ட 1200ஆம் ஆண்டுக்குள் திருச்சபைச் சட்டம் எல்லைகளை உறைய வைத்துவிட்டது. நிலத்தை விற்கலாம், தசமபாகத்தை எந்தக் குருவானவர் விட்டுக்கொடுப்பார்? அப்புறம் 1601 ஏழைகள் சட்டம் வந்து, ஏழைகளைப் பராமரிக்கும் வரியையும் பாரிஷ் தலையில் கட்டியது. பக்கத்து ஊர்த் துண்டைச் சேர்த்துக்கொண்டால் அதன் வரி வரும், கூடவே அதன் ஏழைகளும் வருவார்கள். 1876இல் தொடங்கிய சட்டங்கள்தான் இந்த முடிச்சை அவிழ்த்தன. 1882 சட்டம், வேறொரு பாரிஷ் முழுவதுமாகச் சூழ்ந்திருந்த பல துண்டுகளை அந்தப் பாரிஷோடே சேர்த்துவிட்டது.

உங்கள் வரைபடத்தில் கென்சல் டவுனையும் தேடிப் பாருங்கள். செல்சிக்கு வடக்கே, கென்சிங்டனுக்கும் அப்பால் கிடந்த அதுவும் 1900 வரை செல்சியைச் சேர்ந்ததுதான்.