வேரிகேட்டட் ஹாவொர்தியா கூப்பரி: கேட்டதும் சொன்னதும்

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் பகுதியைச் சேர்ந்த, சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட சிறு செடி ஹாவொர்தியா கூப்பரி. அதன் வெள்ளை வரி விழுந்த (வேரிகேட்டட்) குட்டை ரகத்தை வீட்டில் வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இவை.

அக்கா, செடி 5 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. எவ்வளவு பெரிய தொட்டி, என்ன மண்?

தொட்டியின் வாய் 6 அல்லது 7 சென்டிமீட்டர் போதும், ஆழம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். வேர் தடித்தது, கீழ்நோக்கிப் போவது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். அழுகல் அங்கேதான் தொடங்கும். மண் கலவைக்கு 3–5 மில்லிமீட்டர் பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது பெர்லைட் (எடை குறைந்த வெள்ளை எரிமலைத் துகள்) 5 பங்கு, கழுவிய பருமணல் 3 பங்கு, கோகோபீட் (தென்னை நார்த் தூள்) 2 பங்கு. கலப்பதற்கு முன் பியூமிஸையும் மணலையும் சலித்துத் தூளை நீக்குங்கள். தூள் அடியில் படிந்து வடிதுளையை அடைத்துவிடும்.

வாரத்துக்கு எத்தனை தடவை தண்ணீர்?

நாள்கணக்கு உதவாது. மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பாருங்கள். ஈரமில்லாமல் வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டு, அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கடும் வெப்பத்தில் வளர்ச்சி நின்றுபோகும். அப்போது மாலையில், பாதி அளவு மட்டும்.

தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆகிறது, இலை இன்னும் சுருங்கியே இருக்கிறதே?

வேர் போயிருக்கும். தாகத்தில் சுருங்கிய இலை என்றால் சில நாளில் உப்பிவிடும். செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: நல்ல வேர் வெளுத்து, கெட்டியாக இருக்கும், செத்தது பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நார் மட்டும் மிஞ்சும். செத்ததை எல்லாம் நறுக்கி, நிழலில் 4–5 நாள் உலர்த்தி, லேசாக ஈரப்படுத்திய பியூமிஸ் மேல் உட்காரவையுங்கள். புது வேர் வரச் சில வாரங்கள் ஆகும். "வாடுகிறதே" என்று மேலும் மேலும் ஊற்றுவதால்தான் பல செடிகள் சாகின்றன.

வெள்ளை நுனிகள் மட்டும் கருகுகின்றன, அக்கா.

வெயில் அதிகம். வெள்ளைத் திசுவில் பச்சையம் கிடையாது. அது உணவு சமைக்காது, பச்சைத் திசு சமைத்ததைத் தின்னும். சுடுவெயிலையும் தாங்காது. கிழக்கு ஜன்னலில் ஒன்றிரண்டு மணி நேரக் காலை வெயில், பிறகு நல்ல வெளிச்சம். இடம் மாற்றுவதை இரண்டு வாரத்தில் படிப்படியாகச் செய்யுங்கள். ரொம்ப இருட்டில் வைத்தாலோ இலை நீண்டு, கட்டுக்குலைந்துவிடும்.

பக்கக்கன்றுகளில் ஒன்று முழு வெள்ளை, இன்னொன்று முழுப் பச்சை. எதைப் பிரிப்பது?

பச்சையை, உடனே. பச்சையம் நிறைந்ததால் வேகமாக வளர்ந்து, வரி உள்ள தாயை நெருக்கிவிடும். வெள்ளையைத் தொடவே வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும், பிரித்தால் பட்டினியில் சாகும். தாயோடு இருக்கும்வரைதான் உயிர். பெருக்குவதற்கு ஏற்றது எல்லா இலையிலும் வரி பரவிய கன்று. 2 சென்டிமீட்டர் அகலமாகி, சொந்தமாக இரண்டு மூன்று வேர் விட்டபின் பிரியுங்கள்.

இலை பதியம் போட நினைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். இலையை அடித்தண்டுச் சதையோடு பிய்க்க வேண்டும். அந்த அடியில் எந்தத் திசுவிலிருந்து கன்று முளைக்கிறதோ அந்த நிறமே வரும். வரி அப்படியே வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

உரம்?

வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்னதில் கால் பங்கு. தழைச்சத்து மிகுந்த உரம் வேண்டாம்.

மண்ணுக்குள் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிகிறது. பூஞ்சணமா?

வேர் மாவுப்பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேரை ஒட்டி, தொட்டியின் உட்சுவரில் நீலம் கலந்த வெள்ளை மெழுகாகப் படிந்திருந்தால் அதுதான். மண்ணை வெளியே எறியுங்கள்; வேரை ஓடும் தண்ணீரில் அலசி, மூன்று நாள் உலர்த்திப் புது மண்ணில் நடுங்கள். தொட்டியைக் கொதிநீரில் கழுவுங்கள், பிளாஸ்டிக் என்றால் மாற்றிவிடுங்கள். பக்கத்துத் தொட்டிகளையும் அன்றே கவிழ்த்துப் பாருங்கள்; வடிதுளை வழியே பரவும்.